மஃபினுக்கு வட்டிலப்பம் சொல்லும் பாடம்

கற்பிட்டி தொடங்கி சிலாபம் வரைக்கும் நம்முடைய கரையோர வீடுகளில் புரதத்துக்குப் பஞ்சமில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மத்தியானச் சோற்றுக்கு மீன் இருக்கிறது, இறால் இருக்கிறது, இரண்டும் இல்லாத நாளில் கருவாடு இருக்கிறது. ஆனால் நாளின் மற்ற வேளைகளையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். காலையில் பாணும் சம்பலும். பின்னேரம் தேத்தண்ணியோடு பணிஸ், ரஸ்க், பிஸ்கட். இவற்றில் இருப்பது பெரும்பாலும் மாவும் சீனியும்தான். பள்ளிக்கூடம் விட்டுப் பசியோடு வரும் பிள்ளையின் கையில் நாம் கொடுப்பதும் அதுவே. அந்தப் பின்னேரத் தட்டில் கொஞ்சம் புரதத்தைச் சேர்க்க வேண்டுமென்றால், பழம் போட்ட மஃபின் ஒரு நல்ல வழி. அதை வீட்டிலேயே, நம் ஊரில் கிடைக்கும் பொருட்களைக் கொண்டு எப்படிச் செய்வது, அது ஏன் அப்படி ஆகிறது என்று இன்று சேர்ந்து பார்ப்போம். தேத்தண்ணியை ஊற்றிக்கொள்ளுங்கள், அவசரமில்லை.

முதலில் கணக்கு. ஆரோக்கியமான ஒரு பெரியவருக்கு, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு அது சுமார் 50 கிராம். ஒரு கோழி முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் இருக்கிறது. வழக்கமான முறையில் 250 கிராம் கோதுமை மா, இரண்டு முட்டை, ஒரு கப் பால் சேர்த்துப் பன்னிரண்டு மஃபின் சுட்டால், ஒன்றில் 4 கிராமுக்குச் சற்றுக் குறைவாகத்தான் புரதம் வரும். அதை ஆறரை, ஏழு கிராமுக்குக் கொண்டுவர முடியுமா என்பதே நம் கேள்வி. முடியும். ஒரு மஃபின் ஒரு முட்டைக்குச் சமமாக நிற்கும்.

இங்கேதான் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறோம். புரதம் கூடுதலாக உள்ள மாவும் இன்னொரு வகை மாதான், ஆகவே ஒரு கப் கோதுமை மாவை எடுத்துவிட்டு அதற்குப் பதில் ஒரு கப் கடலை மாவோ, பால்மாவோ, புரதப் பொடியோ போட்டால் போதும், மற்ற எல்லாம் பழையபடி இருக்கட்டும் என்று நினைக்கிறோம். அப்படிச் சுட்ட மஃபின் மேலே கருகி, உள்ளே இறுகி, மறுநாள் தொண்டையில் அடைக்கிறது. உடனே, சத்தானது என்றால் ருசி அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். அந்தச் சமாதானம் தேவையே இல்லை. சத்துக்கும் வறட்சிக்கும் சம்பந்தம் கிடையாது. சூடு பட்டால் மாப்பொருள் செய்யும் வேலை வேறு, புரதம் செய்யும் வேலை வேறு. அந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் விட்டதுதான் காரணம்.

கோதுமை மாவில் பெரும்பகுதி மாப்பொருள். அது கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன மணிகளாக இருக்கிறது. கலவையின் சூடு 60 பாகை செல்சியஸைத் தாண்டத் தொடங்கியதும் இந்த மணிகள் சுற்றியிருக்கும் தண்ணீரைக் குடித்து ஊதுகின்றன, மென்மையாகின்றன. குடித்த தண்ணீரைச் சுலபத்தில் விடுவதில்லை. அதனால்தான் மா கூடுதலாக உள்ள பலகாரம் அடுப்பில் ஐந்து நிமிடம் அதிகமாக இருந்தாலும் பெரிய மோசம் வருவதில்லை.

புரதத்தின் கதை வேறு. அதைச் சுருட்டிக் கட்டிவைத்த மீன்வலையாக நினைத்துக்கொள்வோம். முட்டையிலும் பாலிலும் கோடிக்கணக்கான சின்ன வலைச் சுருள்கள் மிதக்கின்றன. தண்ணீர் அவற்றுக்கிடையே தாராளமாக ஓடுகிறது. சூடு ஏற ஏறச் சுருள்கள் அவிழ்கின்றன. அவிழ்ந்தவை ஒன்றோடொன்று சிக்கி, ஒரே பெரிய வலையாகி, கண்ணிகளுக்குள் தண்ணீரைப் பிடித்துவைக்கின்றன. மெதுவாக அவித்த முட்டையின் மென்மை இந்த நிலைதான். முட்டை வெள்ளைக்கரு ஏறத்தாழ 62 பாகையிலேயே இப்படித் திரளத் தொடங்கிவிடும். சூடு அதோடு நிற்காமல் இன்னும் ஏறினால் வலை இறுகுகிறது, கண்ணிகள் சுருங்குகின்றன, பிடித்துவைத்திருந்த தண்ணீரை வலையே வெளியே பிழிந்துவிடுகிறது. அளவான சூட்டில் ஈரத்தைக் காத்ததும் அதே புரதம், அளவு மீறியதும் ஈரத்தை விரட்டியதும் அதே புரதம்.

இதை நம்ப ஆய்வுகூடம் தேவையில்லை. நோன்புப் பெருநாளுக்கு வட்டிலப்பம் அவிக்கும் வீடுகளில் இந்தப் பாடம் பல தலைமுறைகளாக இருக்கிறது. முட்டையும் கட்டித் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்ந்த அந்தக் கலவையில் மா என்று எதுவுமே இல்லை. அது கெட்டியாவது முழுக்க முழுக்க முட்டையின் புரதத்தால். அடுப்பைச் சின்னதாக எரியவிட்டுப் பொறுமையாக அவித்தால் கத்தி வைத்ததும் வழுக்கிக்கொண்டு வெட்டுப்படும். தீயைக் கூட்டி நேரத்தையும் நீட்டினால் உள்ளே ஓட்டை ஓட்டையாக விழுந்து, அடியில் இனிப்புத் தண்ணீர் கசிந்து நிற்கும். அந்த ஓட்டைகளை விரும்பிச் சாப்பிடுகிறவர்களும் உண்டு. அது அவரவர் ருசி. நாம் கவனிக்க வேண்டியது கசிந்த தண்ணீரை. இறுகிய புரதம் பிழிந்துவிட்ட தண்ணீர் அது.

மஃபினிலும் நடப்பது இதேதான். ஒரே வித்தியாசம், வட்டிலப்பச் சட்டியில் அந்தத் தண்ணீர் கண்ணுக்குத் தெரிகிறது, மஃபினில் தெரிவதில்லை. அவன் அடுப்பின் வறண்ட சூட்டில் அது ஆவியாகிப் போய்விடுகிறது. மிஞ்சுவது இறுகிய துண்டு மட்டுமே. தண்ணீர் போனதை நாம் காணாததால் பழியை எண்ணெயின் மீதோ பேக்கிங் பவுடரின் மீதோ போடுகிறோம். அடுத்த தடவை எண்ணெயைக் கூட்டினால் மஃபின் எண்ணெய்ப் பிசுக்காகுமே தவிரப் போன தண்ணீர் திரும்பி வராது. பேக்கிங் பவுடரைக் கூட்டினால் காற்றுக் குமிழ்கள் கூடும், ஆனால் இறுகும் வலை அந்தக் குமிழ்களோடு சேர்ந்து விரிந்து கொடுக்காது. உச்சி பிளந்து நடு அமுங்கிப்போகும்.

ஆகவே நமக்குக் கிடைக்கும் விதி இது: புரதத்தைக் கூட்டும்போது ஈரத்தையும் கூட்ட வேண்டும், சூட்டைக் குறைக்க வேண்டும், நேரத்தைக் குறுக்க வேண்டும். இனிமேல் வருவது எல்லாம் இந்த மூன்றையும் சமையலறையில் எப்படிச் செய்வது என்பதுதான்.

முதலில் எந்தப் புரதம் என்று தேர்வு செய்வோம். முதலாவது முட்டை. அது நமக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது. புத்தளம், குருநாகல் மாவட்டங்கள் நாட்டின் முக்கியமான கோழிப்பண்ணைப் பகுதிகள். மஃபினைத் தாங்கிப் பிடிக்கும் சட்டம் முட்டைதான். ஆனால் எளிதில் இறுகுவதும் அதுவே. அதனால் பன்னிரண்டு மஃபினுக்கு மூன்று முட்டையோடு நிறுத்திக்கொண்டு, மீதிப் புரதத்தை வேறு இடங்களிலிருந்து எடுப்போம்.

இரண்டாவது தயிர். பாலில் உள்ள புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன் என்னும் வகை. அதை நம் சமையல் சூடு முட்டையைப் போல இறுக்குவதில்லை. தயிராகும்போதே புளிப்பினால் மென்மையாகத் திரண்டு, தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஆகவே தயிர் நமக்குப் புரதமும் தருகிறது, ஈரமும் தருகிறது. சட்டித் தயிரைச் சுத்தமான வெள்ளைத் துணியில் கட்டி இரண்டு மூன்று மணிநேரம் தொங்கவிட்டால் தண்ணீர் வடிந்து கெட்டித் தயிர் நிற்கும். நூறு கிராமில் 3, 4 கிராமாக இருந்த புரதம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். வடிந்த தண்ணீரைக் கொட்ட வேண்டாம், ரொட்டிக்கு மாக் குழைக்க நன்றாக இருக்கும்.

மூன்றாவது பால்மா. ஆடை நீக்கிய பால்மாவில் நூறு கிராமுக்கு 35 கிராம் அளவில் புரதம். முழு ஆடைப் பால்மாவில் சுமார் 26. எதுவானாலும் கைவசம் இருப்பதைப் போடலாம். நான்காவது கடலை மா. இதில் நூறு கிராமுக்கு 22 கிராம் அளவில் புரதம் இருக்கிறது. கோதுமை மாவில் 10 தான். பச்சைக் கடலை மாவுக்கு ஒரு வாடை உண்டு. வெறும் தாச்சியில் மெல்லிய சூட்டில் நிறம் மாறாமல் வாசம் வரும்வரை வறுத்தால் அது போய்விடும். கடலை மா தண்ணீரை நிறையக் குடிக்கும், அதுவும் மெதுவாகத்தான் குடிக்கும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். செய்முறையில் திரும்பத் தேவைப்படும்.

உடற்பயிற்சி செய்கிறவர்கள் வாங்கும் பெரிய டப்பாப் பொடியைப் போடலாமா என்று பலரும் கேட்பார்கள். அதில் அநேகமாக இருப்பது வே புரதம். பாலைத் திரித்துப் பாலாடைக்கட்டி செய்யும்போது பிரியும் தண்ணீரிலிருந்து எடுக்கப்படுவது. கேசீனைப் போலன்றி இது 70 பாகையைத் தாண்டினால் நன்றாகவே இறுகும். கையில் இருந்தால் பால்மாவுக்குப் பதிலாகச் சேர்க்கலாம். மாவின் மொத்த எடையில் கால்பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் தேடிப் போய் வாங்க வேண்டியதில்லை. விலையும் கூட, இந்த வேலைக்கு அது அவசியமும் இல்லை.

கோதுமையையும் கடலையையும் சேர்ப்பதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்ற சின்னத் துண்டுகள் கோத்த சங்கிலி. அவற்றில் சில நம் உடம்பால் செய்துகொள்ள முடியாதவை, சாப்பாட்டில் வந்தாக வேண்டும். தானியங்களில் லைசீன் என்ற துண்டு குறைவு. பருப்பு, கடலை, பயறு வகைகளில் அது தாராளம். அவற்றில் மெத்தியோனீன் குறைவு. தானியத்தில் அது போதிய அளவு உண்டு. ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. சோறும் பருப்பும் சேர்த்துச் சாப்பிடும் நம் பழக்கத்தில் இந்த அறிவு இருக்கிறது. கர்ப்பிணித் தாய்மாருக்கும் சிறு பிள்ளைகளுக்கும் கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷவில் சோளத்தோடு சோயாவைச் சேர்ப்பதும் இதே நியாயத்தால்தான்.

அப்படியானால் கோதுமை மாவை முழுவதுமாக விட்டுவிடலாமே என்று தோன்றும். விட வேண்டாம். ஈரத்தைக் குடித்துவைத்துக்கொள்ளும் மாப்பொருள் அதில்தான் இருக்கிறது. புரதம் இறுகும்போது நடுவே நின்று மென்மை காப்பது அதுதான். ஒரு எச்சரிக்கை மட்டும்: கோதுமை மாவிலும் புரதம் உண்டு. தண்ணீர் சேர்த்துக் கிளறக் கிளற அது குளூட்டன் என்ற இழுவையான பொருளாகிறது. பரோட்டாவுக்கு அந்த இழுவை வேண்டும், மஃபினுக்கு வேண்டாம். அதனால்தான் கேக்குக்கு அடிப்பதுபோல மஃபின் கலவையை அடிப்பதில்லை. காய்ந்தவற்றை ஒரு பாத்திரத்திலும் ஈரமானவற்றை இன்னொன்றிலும் தயாராக வைத்து, கடைசியில் இரண்டையும் சேர்த்து, காய்ந்த மா கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை மட்டும் கிளறுவோம். அங்கங்கே சின்னக் கட்டிகள் இருந்தால் இருக்கட்டும்.

இனிப் பழம். பழம் என்றால் முக்கால் பங்கோ அதற்கு மேலோ தண்ணீர்: வாழைப்பழத்தில் 75 சதவீதம், மாம்பழத்தில் 83, அன்னாசியில் 86, பப்பாசியில் 88. நமக்குத் தேவையான கூடுதல் ஈரத்தைக் கொண்டுவரப் பழத்தைவிட நல்ல வழி இல்லை. அதிலும் மசித்த வாழைப்பழம் முதலிடம் பெறுகிறது, ஏனென்றால் அதன் தண்ணீர் கூழுக்குள் பிடிபட்டு இருக்கிறது. கலவையை நீர்க்கச் செய்யாமல் ஈரத்தை மெல்ல விட்டுக்கொடுக்கிறது. தோல் கறுத்துக் கடையில் யாரும் வாங்காமல் கிடக்கும் புளிவாழைப்பழம் இதற்கு மிகவும் பொருத்தம். பழுக்கப் பழுக்க அதன் மாப்பொருள் இனிப்பாக மாறுவதால் சீனியையும் குறைக்கலாம். மாம்பழத்தைச் சின்னத் துண்டுகளாக வெட்டிச் சேர்த்தால் கடிக்கும்போது பழம் தெரியும்.

பப்பாசியிலும் அன்னாசியிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். இறைச்சி வேகாவிட்டால் பப்பாசிக்காய்த் துண்டு போடுவது நம் வீடுகளில் வழக்கம். அது வேலை செய்வது பப்பாயின் என்ற நொதியத்தால். நொதியம் என்பது உயிருள்ளவற்றில் நடக்கும் ஒரு மாற்றத்தை விரைவாக்கும் பொருள். பப்பாயினின் வேலை புரதச் சங்கிலியை வெட்டுவது. அன்னாசியில் புரோமெலைன் என்ற நொதியம் இதையே செய்கிறது. பச்சை அன்னாசி போட்ட ஜெலி உறையாததும், அன்னாசி கலந்த தயிர் சற்று நேரத்தில் கசப்பதும் இதனால்தான். பப்பாசி நன்றாகப் பழுத்துவிட்டால் பப்பாயின் வெகுவாகக் குறைந்துவிடும். அன்னாசியோ பழுத்த பிறகும் வெட்டும். புரதத்தை நம்பி நிற்கும் நம் கலவையில் அன்னாசியை அப்படியே போட்டால் வலையின் நூலை நாமே அறுத்ததாகிவிடும். தீர்வு சுலபம். துண்டுகளைத் தாச்சியில் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்துச் சேர்த்தால் நொதியம் செயலிழந்துவிடும், கூடுதல் சாறும் வற்றிவிடும்.

இனிப்பையும் கொழுப்பையும் பற்றி நேர்மையாக இரண்டு வார்த்தை. சீனிக்குப் பதில் பனங்கட்டியோ கித்துள் கருப்பட்டியோ போட்டால் வாசமும் நிறமும் அருமையாக வரும். ஆனால் அதில் பெரும்பகுதி சீனியேதான். நன்மை வேண்டுமென்றால் அளவைக் குறைக்க வேண்டும். தென்னை முக்கோணத்தில், லுணுவிலவில் தெங்கு ஆராய்ச்சி நிறுவகமே இருக்கும் மாவட்டத்தில் வாழும் நாம், எண்ணெய்க்கு வெளியே போக வேண்டியதில்லை. தேங்காய் எண்ணெயில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு. ஆகவே பன்னிரண்டு மஃபினுக்கு இரண்டு மேசைக்கரண்டியோடு நிறுத்துவோம். தேங்காய்ப்பாலும் பால்தானே, புரதம் இருக்குமே என்று நினைத்துவிடாதீர்கள். அதில் இருப்பது முக்கியமாகக் கொழுப்பு. புரதம் நூறு கிராமுக்கு 2 கிராம் அளவில்தான்.

இப்போது அளவுகள், பன்னிரண்டு மஃபினுக்கு. கோதுமை மா ஒரு கப், அதாவது 120 கிராம். வறுத்த கடலை மா அரைக் கப், 60 கிராம். ஆடை நீக்கிய பால்மா மூன்றில் ஒரு கப், 40 கிராம். முட்டை மூன்று. வடித்த தயிர் முக்கால் கப். மசித்த வாழைப்பழம் 200 கிராம், சின்னப் பழமானால் மூன்று நான்கு வரும். மாம்பழத் துண்டுகள் 100 கிராம். பொடித்த பனங்கட்டி 60 கிராம். தேங்காய் எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. பேக்கிங் பவுடர் இரண்டு தேக்கரண்டி, அப்பச்சோடா கால் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. வண்ணாத்திவில்லுப் பக்கத்துக் கஜு கிடைத்தால் ஒரு கைப்பிடி, பொடியாக நறுக்கியது.

முட்டையையும் தயிரையும் முன்கூட்டியே குளிர்சாதனப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்துவையுங்கள். தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையும். சில்லென்ற முட்டையில் ஊற்றினால் சின்னச் சின்ன உருண்டைகளாகத் திரண்டு நிற்கும். இனி முட்டை, தயிர், வாழைப்பழம், பனங்கட்டி, எண்ணெய் எல்லாவற்றையும் கலக்குங்கள். அதிலேயே கடலை மாவையும் பால்மாவையும் சேர்த்துக் கரைத்து, கால் மணிநேரம் மூடி வைத்துவிடுங்கள். கடலை மா மெதுவாகக் குடிக்கும் என்று பார்த்தோமே, அதற்கான நேரம் இது. கடலை மாவில் குளூட்டன் இல்லாததால் எவ்வளவு கரைத்தாலும் இழுவை வராது. பேக்கிங் பவுடரை இன்னும் சேர்க்காததால் காற்றும் வீணாகாது.

கால் மணிநேரம் கழித்து, கோதுமை மா, பேக்கிங் பவுடர், அப்பச்சோடா, உப்பு ஆகியவற்றைச் சேர்த்துச் சலித்து அதில் கொட்டி, மரக்கரண்டியால் பத்துப் பன்னிரண்டு தடவை மடித்துக் கிளறுங்கள். மாம்பழத் துண்டுகளையும் கஜுவையும் ஒரு தேக்கரண்டி மாவில் புரட்டிக் கடைசியாகச் சேர்த்தால் அடியில் போய்த் தங்காது. கரண்டியைத் தூக்கினால் கலவை கெட்டியாக, தயங்கித் தயங்கி விழ வேண்டும். விழாமல் ஒட்டிக்கொண்டால் இரண்டு மேசைக்கரண்டி பால் விடுங்கள். சேர்த்தவுடன் தயிரின் புளிப்பும் அப்பச்சோடாவும் காற்றை உண்டாக்கத் தொடங்கிவிடும், ஆகவே கடதாசிக் கிண்ணங்களில் முக்கால் அளவு நிரப்பி உடனே அடுப்புக்குக் கொண்டுபோக வேண்டும்.

வழக்கமாக மஃபினை 190, 200 பாகையில் சுடுவார்கள். நாம் 170 இல் சுடுவோம், இருபது முதல் இருபத்திரண்டு நிமிடம். காரணங்களில் ஒன்றை அறிவோம், வலை இறுகக் கூடாது. மற்றது நிறம். புரதமும் இனிப்பும் சேர்ந்து 140 பாகைக்கு மேல் சூடானால் பொன்னிறமும் வாசமும் வரும். 1912 இல் இதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மையாரின் பெயராலேயே இந்த மாற்றத்தை அழைக்கிறார்கள். நம் மஃபினில் புரதமும் பால்மாவின் இனிப்பும் கூடுதல் என்பதால் மேற்பகுதி சீக்கிரம் சிவந்துவிடும். உள்ளே வெந்துவிட்டதாக நாம் ஏமாறுவோம். அளவுக்கு மீறிச் சிவக்கவிட்டால், கடலையிலிருந்து கிடைத்த லைசீனில் ஒரு பகுதியும் இந்த மாற்றத்தில் செலவாகிப் பயனற்றுப் போகும். இளம் பொன்னிறம் போதும்.

அவன் அடுப்பு இல்லாத வீட்டிலும் இதைச் செய்யலாம். அடி கனத்த பெரிய அலுமினியச் சட்டியில் ஒரு அங்குல உயரத்துக்குக் கல்லுப்பையோ கழுவிக் காய்ந்த மணலையோ பரப்பி, மேலே ஒரு தாங்கியை வைத்து, மூடிப் பத்து நிமிடம் காயவிடுங்கள். உப்பளங்கள் உள்ள ஊரில் கல்லுப்புக்குப் பஞ்சமில்லை. அதே உப்பைத் திரும்பத் திரும்ப இதற்கே பயன்படுத்தலாம். பிறகு மஃபின் கிண்ணங்களைத் தாங்கியில் வைத்து மெல்லிய தீயில் முப்பது நிமிடம் அளவில் சுடலாம். அதுவும் வேண்டாமென்றால் வட்டிலப்பம் அவிப்பதுபோலவே, மூடியில் துணி கட்டி, ஆவியில் பதினைந்து பதினெட்டு நிமிடம் அவியுங்கள். ஆவி 100 பாகையைத் தாண்டாது, ஈரமும் போகாது. பொன்னிறம் மட்டும் கிடைக்காது.

வெந்துவிட்டதா என்று பார்க்கத் தென்னோலை ஈர்க்கு ஒன்று போதும். சாதாரணக் கேக்கில் ஈர்க்கு சுத்தமாக வர வேண்டும் என்பார்கள். இங்கே அதுவரை காத்திருந்தால் நேரம் கடந்துவிடும். ஈர்க்கில் பச்சை மாக் கலவை ஒட்டக் கூடாது. ஈரமான சில துணுக்குகள் ஒட்டலாம். அந்த நேரத்தில் வெளியே எடுத்துவிடுங்கள். கிண்ணத்தில் உள்ள சூடே மீதி வேலையை முடித்துவிடும். ஐந்து நிமிடம் கழித்துத் தட்டிலிருந்து எடுத்துக் காற்றுப்பட வையுங்கள், இல்லையென்றால் அடியில் வியர்த்துப்போகும்.

இப்போது கணக்கைத் திரும்பப் பார்ப்போம். மேலே சொன்ன அளவில், கஜுவையும் சேர்த்து, மொத்தம் சுமார் 80 கிராம் புரதமும் 2,100 கிலோகலோரி அளவில் சக்தியும் இருக்கின்றன. ஒரு மஃபினுக்கு ஆறரை கிராமுக்கு மேல் புரதம், 175 கிலோகலோரி. ஒரு கிராம் புரதம் 4 கிலோகலோரி தருவதால், சக்தியில் சுமார் 15 சதவீதம் புரதத்திலிருந்து வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006 ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு உணவின் சக்தியில் 12 சதவீதம் புரதத்திலிருந்து வந்தால் புரதம் தரும் உணவு என்று எழுதலாம்; புரதம் மிகுந்தது என்று எழுத 20 சதவீதம் வேண்டும். நம் மஃபின் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. கஜுவை விட்டு, எண்ணெயையும் பனங்கட்டியையும் பாதியாக்கி, இரண்டு வெள்ளைக்கரு கூட்டினால் இருபதை நெருங்கலாம். ஆனால் அப்போது மென்மையைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க நேரிடும். பிள்ளை விரும்பிச் சாப்பிடும் பதினைந்து, தட்டில் மிச்சம் வைக்கும் இருபதைவிட மேலானது என்பது என் உறுதியான எண்ணம்.

நம் கரையோரச் சூட்டிலும் ஈரக்காற்றிலும், சீனி குறைந்து ஈரம் கூடிய பலகாரம் நெடுநாள் தாங்காது. செய்த அன்று சாப்பிட்டதுபோக மீதியைக் காற்றுப் புகாத பெட்டியில் போட்டு, உறைய வைக்கும் தட்டில் வையுங்கள். குளிர்சாதனப் பெட்டியின் சாதாரணத் தட்டில் வைத்தால் மாப்பொருள் சீக்கிரம் விறைத்துப்போகும். உறைந்த நிலையில் அந்த மாற்றம் நின்றுவிடுகிறது. வேண்டும்போது எடுத்து ஆவியில் மூன்று நிமிடம் காட்டினால் மென்மை திரும்பும். முட்டையோ பாலோ கஜுவோ ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்கு இது ஆகாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

முதல் தடவை சரியாக வராவிட்டால் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றாதீர்கள். வறண்டிருந்தால் எண்ணெயைத் தொடாமல் மூன்று நிமிடம் முன்னதாக எடுத்துப் பாருங்கள். அப்போதும் வறண்டால் இரண்டு கரண்டி தயிர் கூட்டுங்கள். இழுவையாக இருந்தால் கிளறுவதைக் குறையுங்கள். நடு அமுங்கினால் பேக்கிங் பவுடரைக் கால் தேக்கரண்டி குறையுங்கள். ஈரம், சூடு, நேரம் ஆகிய மூன்றும் கைக்கு வந்துவிட்டால், பின்னர் கடலை மாவுக்குப் பதில் வறுத்துத் திரித்த பாசிப்பயற்று மாவையோ, கோதுமை மாவில் பாதிக்குக் குரக்கன் மாவையோ, மாம்பழத்துக்குப் பதில் பேரீச்சம்பழத்தையோ வைத்து நீங்களே உங்கள் வீட்டு மஃபினை உருவாக்கிக்கொள்ளலாம். அதற்கு யாருடைய செய்முறைத் தாளும் தேவைப்படாது.